முனிலட்சுமியும் எலும்பு ஊசியும்

முனிலட்சுமிக்கு ஆஸ்பத்திரியில் ஒரு பேர் இருந்தது. பச்சைக் குழந்தைக்கு நரம்பு கிடைக்கலையா, கூப்பிடு முனிலட்சுமியை. ஓசூர்ப் பக்கத்தில் ஒரு அரசு ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருஷமாக நர்ஸ் வேலை. பாதிச் சாப்பாட்டில் கூப்பிட்டாலும் கையைக் கழுவிக்கொண்டு வருவாள். குழந்தையின் புறங்கையைத் தடவி, நூல் போல ஓடுகிற நரம்பில் ஊசியை ஏற்றிவிட்டு, போய் மிச்சச் சோற்றைச் சாப்பிடுவாள். அதில் அவளுக்குப் பெருமைதான். இருக்காதா பின்னே?

அந்தப் பெருமைதான் போன வருஷம் ஒரு குழந்தையைக் கொண்டுபோனது. இது அவள் வாயால் சொன்னது, வேறு யாரும் சொல்லவில்லை. கெலமங்கலத்திலிருந்து வந்த எட்டு நாள் பெண் குழந்தை. உடம்பெல்லாம் சில்லிட்டு, நரம்பு முழுக்கச் சுருங்கிக் கிடந்தது. "இன்னொரு தடவை பாத்துடறேன் சார்" என்று டாக்டரிடம் சொல்லிச் சொல்லியே பதினொரு இடத்தில் குத்தினாள். பதினாலு நிமிஷம் ஆனது. கடைசியில் நரம்பு கிடைத்தது, குழந்தை இல்லை. நரம்பு கிடைக்காதபோது எலும்பு வழியே மருந்து ஏற்றுகிற எலும்பு ஊசி, அவசர டிரேயில் உறை பிரிக்காமல் அப்படியே இருந்தது. முனிலட்சுமி இருக்கும்போது அது எதுக்கு என்று ஒருத்தருக்கும் தொடத் தோன்றவில்லை. அவளுக்கும் தோன்றவில்லை.

"உங்களால முடிஞ்சதைச் செஞ்சீங்க சிஸ்டர்" என்றார்கள். அவளுக்கு எரிச்சலாக வந்தது. முடிஞ்சதை எங்கே செய்தேன், தெரிஞ்சதைத்தானே செய்தேன் என்று வீட்டில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்த கையோடு, கிருஷ்ணகிரியில் நடந்த எலும்பு ஊசிப் பயிற்சிக்குப் பேர் கொடுத்தாள்.

அங்கே சொன்னது இவ்வளவுதான். நரம்பு சுருங்கினாலும் எலும்புக்குள் இருக்கிற மஜ்ஜை சுருங்காது, அதில் போடுகிற மருந்து நேராக ரத்தத்தில் சேர்ந்துவிடும். பிறந்த சூட்டோடு இருக்கிற குழந்தைக்குத் தொப்புள்கொடி வழி இருக்கிறது. கொடி காய்ந்து விழுந்தபிறகு நரம்பும் கிடைக்கவில்லை என்றால், முழங்காலுக்குக் கீழே எலும்புதான் வழி. பழகுவதற்குக் கோழிக்கால் கொடுத்தார்கள். முனிலட்சுமி அதோடு விடுகிற ஆளா? ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் காலாகவே பார்த்து வாங்கி வந்து, குழம்பில் போடுவதற்கு முன்னால் குத்திக் குத்திப் பழகினாள். "எலும்பெல்லாம் ஓட்டையா இருக்கே, எந்தக் கடையில வாங்கின?" என்றான் புருஷன் திம்மப்பன். "பேசாம தின்னு" என்றாள்.

வார்டிலும் ஒரு சட்டம் போட்டாள். ரெண்டு குத்து, ஒன்றரை நிமிஷம். அதற்குள் நரம்பு கிடைக்காவிட்டால் எலும்பு. "நானே மூணாவது குத்தப் போனாலும் கையைத் தட்டிவிடு" என்று சின்ன நர்ஸ் தமிழ்செல்வியிடம் சொல்லி வைத்தாள்.

ஆறு மாசம் கழித்து, ஒரு மத்தியானம் சக்தி ஓடி வந்தான். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரன், மத்திகிரியில் வாடகைக்கு இருந்துகொண்டு கம்பெனிக்குப் போகிறவன். யூனிபார்மைக்கூட மாற்றவில்லை. கையில் பத்து நாள் ஆண் குழந்தை, பின்னால் மனைவி ரஞ்சிதா. குழந்தை ரெண்டு நாளாக அழவே இல்லையாம், தூங்கிக்கொண்டே இருந்ததாம். "லைன் வீட்டுல எல்லாரும் சமத்துப் பிள்ளைன்னு சொன்னாங்க சிஸ்டர்" என்றாள் ரஞ்சிதா. பால் குடித்ததா என்று கேட்டதற்குப் புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவர்களைத் திட்டி என்ன பண்ண? நைட் ஷிப்ட் முடிந்து பகலில் தூங்குகிற ஆட்கள் சுவருக்குச் சுவர் இருக்கிற இடத்தில், அழாத குழந்தை என்றால் எல்லாருக்கும் சந்தோஷம்தான்.

குழந்தை சாம்பல் பூத்துக் கிடந்தது. டாக்டர் கௌதம் மாஸ்க்கைப் பிடித்து மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். "நரம்பு பாருங்க சிஸ்டர், நீங்க போட்டுடுவீங்க" என்றார்.

முதல் குத்தில் கிடைக்கவில்லை. ரெண்டாவதிலும் இல்லை. அப்போது நெற்றியோரம் ஒரு நீலக் கோடு தெரிந்தது. பாழாய்ப்போன கோடு, கிடைத்துவிடும் போலத்தான் இருந்தது. அவள் கை தன்னால் அங்கே போனது. தமிழ்செல்வி பார்த்துக்கொண்டே நின்றாள். பெரிய சிஸ்டர் கையைத் தட்ட அவளுக்குத் தைரியம் வரவில்லை. முனிலட்சுமியே ஊசியை டிரேயில் போட்டாள்.

"சார், எலும்புல போடறேன்."

"இவ்வளவு சின்னக் குழந்தைக்குப் போட்டிருக்கீங்களா?"

"இல்ல சார். உங்க ரெண்டு கையும் அங்க இருக்கு. நேரம் போகுது."

கௌதம் ஒரு நொடிதான் யோசித்தார். "போடுங்க."

கதவோரம் நின்ற சக்திக்குக் காதில் விழுந்துவிட்டது. "எலும்புலயாக்கா? காலு போயிரும்க்கா, வேணாம்க்கா."

"காலு போகாது தம்பி. நான் பயந்து நின்னா பிள்ளைதான் போவான். அங்கயே நில்லு."

முழங்காலுக்கு ஒரு விரற்கடை கீழே, உள்பக்கம் தட்டையாக இருக்கிற இடத்தைத் துடைத்தாள். பச்சை எலும்பு, அழுத்தினால் ஊசி மறுபக்கம் வந்துவிடும். அதனால் அழுத்தாமல் திருகித் திருகி இறக்கினாள். எலும்பு சட்டென்று இடம் விட்டது. கையை எடுத்தாள், ஊசி தானே நின்றது. குழந்தை முனகக்கூட இல்லை. சலைனை ஏற்றினாள், ஆடுசதை வீங்கவில்லை, ஊசி சரியான இடத்தில்தான் இருந்தது. சர்க்கரைத் தண்ணீரும் மருந்தும் அதே வழியில் போயின. தமிழ்செல்வி நேரம் சொல்ல, முனிலட்சுமி குழந்தையின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வா சாமி, வந்துடு என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். மெதுவாக, ரொம்ப மெதுவாக, உதட்டில் ரத்தம் ஏறியது.

ஒன்றரை மணி நேரம் போனபிறகு புறங்கையில் நரம்பு எழும்பி வந்தது. எலும்பில் ஊசியை ரொம்ப நேரம் விடக்கூடாது, நரம்புக்கு மாற்றிவிடலாம் என்றார் கௌதம். முனிலட்சுமி புறங்கையில் குத்தினாள். ஒரே குத்து. குழந்தை காலை உதைத்துக்கொண்டு, முகம் சிவக்க, வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி வீறிட்டது.

சக்திக்குத் தாங்கவில்லை. "பிள்ளைக்கு வலிக்குது போலக்கா."

"வலிக்கட்டும் தம்பி" என்றாள் முனிலட்சுமி. "வலி தெரியுற அளவுக்கு வந்துட்டான்." பிளாஸ்டரைக் கிழித்து ஒட்டச் சொல்லித் தமிழ்செல்வியிடம் நீட்டிவிட்டு, உதைக்கிற காலைப் பிடித்துக்கொண்டாள்.