ரப்பர் தெரிந்த மனுஷன்

என் வீட்டுக்காரருக்குத் தட்டாஞ்சாவடியில் ரப்பர் வாஷர் செய்யும் பட்டறையில் வேலை. ரப்பரைப் பற்றி அவரிடம் வாயைக் கொடுத்தால் மீள முடியாது. குக்கர் கேஸ்கட்டை எண்ணெய்க் கையோடு தொட்டதற்காக ஒருமுறை எனக்கு அரை மணி நேரம் பாடம் எடுத்திருக்கிறார். அப்படிப்பட்டவர் சொந்த வீட்டிலேயே ரப்பர் விஷயத்தில் கோட்டை விட்டார்.

எங்கள் குழந்தைக்கு அப்போது எட்டு மாதம். சிசேரியன். ரத்தம் நிறையப் போய், வெளியிலிருந்து ஏற்றித்தான் என்னைப் பிழைக்க வைத்தார்கள். அடுத்தது வேண்டுமானால் இரண்டு வருடமாவது போகட்டும், தையல் நன்றாக ஆறணும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கருப்பையில் வைக்கிற காப்பர்-டி என்றதும் வேண்டவே வேண்டாம் என்றேன். சரி, ஆணுறையே போதும் என்று முடிவு செய்தோம். இப்போதைக்கு மறுபடி அந்த ஆபரேஷன் மேஜையில் போய்ப் படுக்கக் கூடாது என்பது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

உப்பளத்தில் எங்கள் தெருமுனையிலேயே மருந்துக்கடை இருக்கிறது. இவரோ முத்தியால்பேட்டை வரைக்கும் வண்டியில் போய் வாங்கி வருவார். வெளியூர்க்காரர்கள் வந்து பிராந்தி பாட்டிலைப் பெயர் சொல்லி, உரக்கக் கேட்டு வாங்கிப் போகிற ஊர் இது. இதைக் கேட்க மட்டும் எல்லோருக்கும் தொண்டை கட்டிக்கொள்ளும்.

ஒரு சனிக்கிழமை மதியம், குழந்தை அதிசயமாகத் தூங்கியது. பால் கொடுக்கிற உடம்பு அங்கேயும் வறண்டுபோகும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. எரிகிறது என்றேன். இவர் எழுந்துபோய்த் தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்துவந்தார். நம் வீடுகளில் தலைக்கும் அதுதான், பித்தவெடிப்புக்கும் அதுதான், கிறீச்சிடும் கதவுக்கும் அதுதான். எவ்வளவு அக்கறையான மனுஷன் என்று நான் உருகிப்போனேன். என்னோடு சேர்ந்து அந்த உறையும் உருகிவிட்டது. கிழிந்திருந்ததை எல்லாம் முடிந்த பிறகுதான் பார்த்தோம். நான் போட்ட கத்தலில் குழந்தை எழுந்துகொண்டது.

சாயந்தரமே டாக்டரம்மாவிடம் போனோம். நடந்ததைக் கேட்டுவிட்டு, "வேற ஏதாச்சும் தடவினீங்களா?" என்றார். இவர் மின்விசிறியைப் பார்த்தார். நான்தான் சொன்னேன்.

"எண்ணெய் பட்டா ரப்பர் தாங்காதுப்பா. தண்ணில செஞ்ச ஜெல்லின்னு கேட்டு வாங்கணும். நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"ரப்பர் கம்பெனிங்க மேடம்" என்றார் இவர், காதில் விழாத குரலில். டாக்டரம்மா சிரித்த சிரிப்பில் வெளியே டோக்கன் கூப்பிடுகிற பெண் எட்டிப் பார்த்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் நான் கோபமாக இருந்தேனே.

"தப்பு உறை மேல இல்லம்மா" என்று என் பக்கம் திரும்பினார். "ஒவ்வொரு தடவையும் சரியா போட்டா, நூறு ஜோடியில வருஷத்துக்கு ரெண்டு பேருதான் மாட்டுவாங்க. வீடுகள்ல நடக்கற மாதிரி நடந்தா பதிமூணு. பாதியில போட்டவங்க, இன்னைக்கு ஒரு நாள் பரவால்லன்னு விட்டவங்க, உங்கள மாதிரி தாளிச்சவங்க, எல்லாரும் அதுல வந்துடுவாங்க. நோய்க்கும் அதே கதைதான். எச்.ஐ.வி.ய நல்லாவே தடுக்கும். தோலோட தோல் பட்டு ஒட்டறது சிலது மட்டும் தப்பிச்சு வரும்."

"கொழந்த பொறந்தப்புறம் எனக்கு இன்னும் தலைக்கு ஊத்தவே இல்ல மேடம், மாசவிலக்கே வரல. பால் குடுத்தா கரு நிக்காதுன்னு சொல்றாங்களே?"

"ஆறு மாசம் தாண்டிடுச்சு, அத நம்பாத. கரு தங்காம இருக்க இந்த மாத்திரைய இப்பவே போடு. சீக்கிரம் போட்டா நல்லா கேக்கும், ஆனா முழு கேரண்டி கெடையாது. மூணு வாரம் கழிச்சு டெஸ்ட் பண்ணிப் பாரு."

அந்த மூன்று வாரமும் நான் மனுஷியாகவே இல்லை. சோறு வாசனை பிடிக்கவில்லை என்றால் பயம், இடுப்பு வலித்தால் பயம். இவரோ விசிலடித்துக்கொண்டே பாத்திரம் கழுவினார், குழந்தையைக் குளிப்பாட்டினார், கொடியில் துணி காயப்போட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வயிறு என்னுடையதுதானே, அவருக்கென்ன என்று நினைத்தேன். அதை வாய்விட்டும் சொன்னேன். விசில் மட்டும் நின்றது.

டெஸ்ட் எடுத்த காலையில் குளியலறைக் கதவுக்கு வெளியிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"ஒரு கோடுதான்" என்றேன்.

"நல்லாப் பாத்தியா? வெளிச்சத்துல காட்டு."

காட்டினேன். வாங்கி, ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார். அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தவர், தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தார். ஆறடி மனுஷன்.

"என்னாங்க, இல்லன்னுதானே வந்துருக்கு! எதுக்கு அழறீங்க?"

சட்டையிலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"கொழந்த பொறந்த அன்னைக்கு நர்சு ரத்தம் கேட்டு வெளிய ஓடியாந்தப்ப நான்தான் நின்னுக்கினு இருந்தேன். உனுக்காச்சும் மயக்க மருந்து குடுத்திருந்தாங்க."