மூன்று கார்களின் உரிமையாளர் பூலோகம்

தாராவியில் சொந்தப் பெயரில் மூன்று சூப்பர் கார் வைத்திருந்த ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, பூலோகம் அண்ணாச்சிதான். ஒரு மஞ்சள் லம்போர்கினி, ஒரு சிவப்பு ஃபெராரி, ஒரு சாம்பல் நிற மெக்லாரன். கதை விடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். மூன்றின் ஆர்.சி.யையும் என் கடையில்தான் ஜெராக்ஸ் எடுத்தார். உரிமையாளர் என்ற இடத்தில் பூலோகம், தகப்பனார் சுடலைமுத்து என்று இருந்தது. முகவரி புதுச்சேரியில் ஏதோ ஒரு தெரு. அந்தத் தெரு கிழக்கே பார்த்ததா மேற்கே பார்த்ததா என்றுகூட அவருக்குத் தெரியாது.

என் பெயர் முகம்மது ஹனீப். தொண்ணூறடி சாலையில் டைப்பிங், ஜெராக்ஸ், மனு எழுதும் கடை வைத்திருக்கிறேன். எனக்குக் கடையநல்லூர், அவருக்கு ராதாபுரம் பக்கம். அவர் என்னை பாய் என்பார், நான் அவரை அண்ணாச்சி என்பேன். அவர் செம்பூரில் ஒரு சேட்டிடம் பதினெட்டு வருடமாக டிரைவர். சேட்டின் மனைவியைக் கோயிலுக்கும் கல்யாணங்களுக்கும் பெரிய வெள்ளை வண்டியில் கூட்டிப்போவதுதான் வேலை.

புதுச்சேரியில் பதிந்தால் சாலை வரி குறைவு என்று சேட்டுக்கு யாரோ ஓதிவிட்டார்கள். அதற்கு வேறு ஒரு பெயர் வேண்டும், பிற்பாடு தகராறு பண்ணாத பெயராக வேண்டும். பதினெட்டு வருடமாக எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத ஆள் வாசலிலேயே நிற்கும்போது சேட் வேறு எங்கே போய்த் தேடுவார்? கையெழுத்துப் போடச் சொன்னார், இவர் போட்டார். பெயர் மாற்றும் படிவங்களிலும் தேதி போடாமல் முன்கூட்டியே கையெழுத்து வாங்கிக்கொண்டார். அசல் ஆர்.சி.யும் சேட்டிடம்தான். அதனால் வண்டியை விற்க நினைத்தாலும் அண்ணாச்சியால் முடியாது. முதல் வண்டி வந்த அன்று சேட் கொடுத்த பேடா டப்பாவை என் கடையில் வைத்துத் திறந்தார். நாங்கள் எல்லாரும் தின்றோம். அன்றிலிருந்து அவரை முதலாளி என்று கூப்பிட்டுக் கேலி செய்தோம்.

சேட்டுக்கு மூன்று வண்டிகளையும் ஒப்பிட ஒரே அளவுகோல்தான் உண்டு. எந்த வண்டியில் போனால் சிக்னலில் அதிகம் பேர் போனைத் தூக்கிப் படம் எடுக்கிறார்கள் என்பது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஃப்ரீவேயில் ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு வந்து, நண்பர்களோடு பால்கனியில் உட்கார்ந்து அதைத்தான் பேசுவாராம். வேகம் மீறியதற்கான சலான் மட்டும் அண்ணாச்சியின் போனுக்கு வரும். பதிவில் இருப்பது அவருடைய நம்பர் அல்லவா. சேட் ஓட்டுவார், இவர் அபராதச் செய்தியைப் படிப்பார். சொந்தமாக வைத்திருப்பதில் அவர் கண்ட சுகம் அவ்வளவுதான்.

ஆனால் அண்ணாச்சியிடமும் ஒரு ஒப்பீடு இருந்தது. தினமும் காலையில் மூன்றையும் ஒவ்வொன்றாக சேட் வீட்டு அடித்தளத்திலிருந்து சரிவில் ஏற்றி, கேட் வரை கொண்டுவந்து, எஞ்சினைச் சூடாக்கி, துடைத்து, மறுபடி இறக்கி நிறுத்த வேண்டும். போக வர அறுபது மீட்டர் இருக்கும். அந்த அறுபது மீட்டரிலேயே மூன்றின் குணத்தையும் பிடித்துவிட்டார். மஞ்சள் வண்டி வீட்டையே எழுப்பிவிட்டுத்தான் நகருமாம். சிவப்பு வண்டி பெருவிரல் பட்டாலே பாய நிற்குமாம். சாம்பல் வண்டியைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரல் இறங்கிவிடும். மூன்றில் அதுதான் மனுஷன் சொன்ன பேச்சைக் கேட்கும் என்பார். இவ்வளவு தெரிந்த மனிதருக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள், அதை ரோட்டில் ஓட்டக் கிடைத்தால் என்ன என்று எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும்.

போன வருடம் மே மாதத்திலிருந்து அவருடைய மனைவி பேராச்சிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கார்மெண்ட் பட்டறையில் நூல் வெட்டும் வேலை பார்த்தவர். தூசி என்று நினைத்து இருமல் மருந்து குடித்துக்கொண்டிருந்தார். பார்த்தால் இருதய வால்வு சுருங்கியிருக்கிறது, ஆபரேஷன் செய்ய வேண்டும், அதுவரை ஏணி ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தாராவியில் மாடி வீட்டுக்காரர்களிடம் ஏணி ஏறாதே என்றால் வீட்டுக்குப் போகாதே என்று அர்த்தம். சேட் பெரிய மனது பண்ணி, கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த டிரைவர் அறையில் இருவரும் தங்கிக்கொள்ளச் சொன்னார். ஆப்பிள்கூட அனுப்பினார். முழுக்கக் கெட்டவர் என்று எழுத எனக்கும் ஆசைதான், ஆனால் அப்படி இல்லை.

மாநகராட்சி ஆஸ்பத்திரியில் இந்த ஆபரேஷனுக்கு வரிசை நீளம், ஏழெட்டு மாதம் ஆகும் என்றார்கள். பேராச்சியால் அவ்வளவு நாள் தாங்க முடியாது என்றும் அவர்களே சொன்னார்கள். செம்பூரிலேயே ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் ஏழைகளுக்கு இலவசப் படுக்கை உண்டு. அதற்கு ரேஷன் கார்டு வேண்டும். அண்ணாச்சியின் கார்டு அதற்கு இரண்டு மாதம் முன்பே நின்றுபோயிருந்தது. காரணம் கேட்டதற்கு வந்த காகிதத்தை நான்தான் படித்துச் சொன்னேன். இவருடைய பெயரில் மூன்று கார்கள் இருக்கின்றன என்று எழுதியிருந்தது. அன்று நாங்கள் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என்னையே அறையத் தோன்றுகிறது.

பெயரை மாற்றிக்கொள்ளுங்கள் என்று சேட்டிடம் போய் நின்றார். செய்யலாம், செய்யலாம் என்றார் சேட். இப்போது மாற்றினால் பழைய வரி விவகாரத்தை எல்லாம் தோண்டுவார்கள், கொஞ்சம் பொறு என்றார். சரி, வண்டிகள் உங்களுடையவை என்று ஒரு கடிதமாவது கொடுங்கள் என்றதற்கு, வாயால் எது வேண்டுமானாலும் கேள், காகிதத்தில் மட்டும் கேட்காதே என்று சொல்லிவிட்டார்.

அந்த ஆஸ்பத்திரியில் இலவசப் படுக்கைகளைக் கவனிப்பவர் வைத்தீஸ்வரன் என்று ஒருவர். மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம். நல்ல மனிதர். அண்ணாச்சியின் சட்டைக் காலரைப் பார்த்ததுமே அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஆனால் முடிவு செய்வது கமிட்டி. நான் டிரைவர்தான், வண்டிகள் முதலாளியுடையவை, பெயர் மட்டும் என்னுடையது என்று ஒரு பிரமாணப் பத்திரம் கொண்டுவந்தால் செவ்வாய்க்கிழமை கமிட்டியில் வைக்கிறேன், எனக்கு நம்பிக்கை இருக்கிறது என்றார்.

அதை நான் அடித்தேன். இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஹனீப் அடித்தால் மனு நிற்கும் என்று எங்கள் பக்கத்தில் பேச்சு உண்டு. சொன்னதை மட்டும் அடிக்க மெஷின் போதுமே, நான் எதற்கு? விதவை உதவித்தொகை மனு என்றால் கூரை ஒழுகுவதாக ஒரு வரி சேர்ப்பேன். தண்ணீர் இணைப்பு மனு என்றால் கைக்குழந்தை ஒன்றைச் சேர்ப்பேன். எல்லாம் நல்லதற்குத்தான். அண்ணாச்சியிடம் வண்டிகளை ஓட்டுவீர்களா என்று கேட்டேன்.

"ஏத்தி எறக்கத்தான் செய்வேன் பாய். அதை ஓட்டுனதுன்னு சொல்ல முடியாது" என்றார்.

எனக்கு அது போதும். நான்காவது பத்தியில் இங்கிலீஷில் ஒரு வரி போட்டேன். மேற்படி வாகனங்களை நான் ஒருமுறைகூட ஓட்டியதோ, அவற்றில் பயணம் செய்ததோ கிடையாது. படித்துப் பார்த்தபோது எனக்கே நெஞ்சு கனத்தது. அவ்வளவு பொருத்தமான வரி. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் வாசித்தும் காட்டவில்லை. கையெழுத்துப் போட்டார், நோட்டரியிடம் முத்திரை வாங்கினோம், வைத்தீஸ்வரன் கையில் கொடுத்தோம்.

அது வெள்ளிக்கிழமை. ஞாயிறன்று சேட் குடும்பம் வெள்ளை வண்டியை எடுத்துக்கொண்டு லோனாவாலா போயிருந்தது. பிடித்த மழை விடவில்லை. பதினொரு மணி வாக்கில் சோறு வடிக்கப்போன பேராச்சி அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். உதடு நீலம் பாய்ந்துவிட்டது. அண்ணாச்சி ஆம்புலன்ஸுக்கு அடித்தார். தண்ணீர் தேங்கி வழியெல்லாம் அடைத்துக் கிடக்கிறது, முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். கேட்டுக்கு ஓடினார், தெருவில் ஒரு ஆட்டோ இல்லை. எஞ்சினைச் சூடாக்க மேலே கொண்டுவந்து நிறுத்தியிருந்த சாம்பல் வண்டி மட்டும் கேட் பக்கத்தில் நின்றது.

அதன் கதவுகள் பக்கவாட்டில் திறக்காது, மேலே தூக்கும். பேராச்சியை இரண்டு கையாலும் அள்ளி அந்தப் பள்ளமான இருக்கையில் வைத்தார். டிரஸ்ட் ஆஸ்பத்திரி இருக்கும் மேட்டுப் பக்கம் மட்டும் தண்ணீர் ஏறவில்லை. ஏழு நிமிடம் ஓட்டியிருக்கிறார். பின்னால் ஒரு நாள் அதை அவர் எனக்குச் சொன்னார். ஏழு நிமிடமும் தெருவைப் பார்த்ததைவிட அவளைப் பார்த்ததுதான் அதிகம் என்றார். முதல் வேகத்தடையில் வண்டியின் மூக்கைத் தூக்கும் பட்டனை அழுத்தினாராம், இரண்டாவதில் மறந்துவிட்டதாம், அடியில் உரசும் சத்தம் கேட்டதாம். ஆனாலும் அவர் சொன்னபடியெல்லாம் வண்டி கேட்டதாம். பேராச்சி கண்ணைத் திறந்து, இது நம்ம பேருல இருக்கிற வண்டியா என்று கேட்டாராம். ஆமா என்றாராம்.

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி சல்யூட் அடித்துத் தடுப்பைத் தூக்கினான். போன முறை அவர்கள் ஆட்டோவில் வந்தபோது, ஓரமாக நிற்கச் சொல்லி விரட்டிய அதே காவலாளி. கதவு இறக்கை மாதிரி மேலே போனதும் கூட்டம் கூடிவிட்டது, ஸ்ட்ரெச்சர் தானாக வந்துவிட்டது. டாக்டர்கள் உடனே பார்த்தார்கள். இன்னும் பத்து நிமிடம் தாமதித்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார்கள். அதற்குள் அந்தக் கூட்டத்தில் யாரோ எடுத்த வீடியோ ஊரெல்லாம் சுற்றிவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிய டிரைவர் ஒருவர், கோடிக்கணக்கான ரூபாய் வண்டியிலிருந்து மனைவியைத் தூக்கி இறக்குகிறார். மகாராஜா என்று கீழே எழுதியிருந்தார்கள். திங்கட்கிழமைக்குள் அது கமிட்டிக்காரர்களின் போனுக்கும் வந்துவிட்டது.

செவ்வாய் மதியம் வைத்தீஸ்வரன் எங்கள் இருவரையும் அவருடைய அறைக்குக் கூப்பிட்டார். பிரமாணப் பத்திரத்தை மேஜையில் விரித்து, நான்காவது பத்தியில் விரலை வைத்து, தமிழில் சொன்னார்.

"டிரைவர் முதலாளி வண்டிய ஓட்டினா அதுல ஒண்ணும் தப்பில்லே, பூலோகம். இதுமட்டும் எழுதாம இருந்தா நானே எடுத்துச் சொல்லியிருப்பேன். ஒரு தடவைகூட ஓட்டினதில்லேன்னு சத்தியம் பண்ணியிருக்கீங்களே. இந்த வரி பொய்னா மத்த வரியும் பொய்தான்னு கமிட்டி சொல்லிடுத்து."

அண்ணாச்சிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், "நான் அப்படிச் சொல்லலியே சார்" என்றார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. தெரியாத ஊரில் வழி கேட்பவர் பார்ப்பது போலப் பார்த்தார்.

நான் சொல்லியிருக்கலாம். அது என் கை வேலை, அவருக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது, நான் வாசித்துக் காட்டவும் இல்லை என்று சொல்லியிருந்தால் வைத்தீஸ்வரன் எழுந்து இன்னொரு முறை கமிட்டியிடம் போயிருப்பார். அப்படிப்பட்டவர்தான். ஆனால் எனக்கு நோட்டரி நினைவுக்கு வந்தான், போலீஸ் நினைவுக்கு வந்தது, இதுவரை நான் அடித்த மனுக்கள் அத்தனையும் வரிசையாக நினைவுக்கு வந்தன.

"நீங்க சொன்னதத்தானே அண்ணாச்சி அடிச்சேன்" என்றேன்.

அண்ணாச்சி மேஜைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சொல்லியிருப்பேன் சார். அன்னைக்கு எனக்குப் புத்தி ஒரு நெலையில இல்ல" என்று வைத்தீஸ்வரனிடம் சொன்னார்.

பேராச்சியை நான்கு நாள் வைத்திருந்து, ஆபரேஷன் செய்யாமலே அனுப்பிவிட்டார்கள். மாநகராட்சி ஆஸ்பத்திரி வரிசையில் பெயர் இருந்தது. வண்டியின் அடிப்பாகத்தில் உரசிய கோட்டைப் பார்த்துவிட்டு சேட் அண்ணாச்சியை வேலையை விட்டு நிறுத்தினார். அறையும் போயிற்று. தாராவியில் ஏணி ஏறாத வீடாக ஒரு கீழ் அறையை நான்தான் பார்த்துக் கொடுத்தேன். என்னால் ஆனது அதுதான் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். தீபாவளிக்கு நாலு நாள் முன்னால், காலையில் தலை சீவிக்கொண்டிருந்தபோது, சீப்பு கையிலிருக்க பேராச்சி போய்விட்டார். சான்பாடாவில் கட்டிக்கொடுத்திருந்த அவர்களுடைய மகள் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

போன வாரம் அண்ணாச்சி கடைக்கு வந்தார். வண்டிகள் இன்னும் அவர் பெயரில்தான் இருக்கின்றன. வேலை இல்லை, ரேஷன் இல்லை, மூன்று சூப்பர் கார் மட்டும் இருக்கிறது. எப்படியாவது பெயரை எடுத்துவிடச் சொல்லி சேட்டுக்கு ஒரு கடிதம் அடிக்கச் சொன்னார். இந்த முறை ஒரு சொல்கூடச் சேர்க்காமல் அடித்தேன். அடித்து முடித்து, ஒவ்வொரு வரியாக இங்கிலீஷில் வாசித்து, தமிழில் அர்த்தம் சொல்ல ஆரம்பித்தேன். இரண்டாவது வரிக்குள் அவர் பேனாவை எடுத்துவிட்டார்.

"எதுக்கு பாய் வாசிச்சுக்கிட்டுக் கெடக்கிய" என்றார். "நீங்க எனக்குத் தப்பா எழுதுவியளா?"

கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினேன்.