பாலைமரத்தடிக் குழைகள்

புலம்பெயர்ந்து வந்த செவன் கிங்ஸில், எங்கள் வீட்டு வாசல் வேலிச்செடியை இன்று காலை கணவர் வெட்டியபோது எழுந்த பச்சிலை மணம், என்னை வன்னிக் காட்டோரத்துப் பாலைமரத்தடியில் கொண்டுபோய் நிறுத்தியது. அப்பாவும் வேறு சில குடும்பங்களும் காடு வெட்டிக் குடியேறிய இடம் அது. கோயிலும் பள்ளிக்கூடமும் வருமுன்னரே, வெட்டாமல் விட்ட அந்த ஒற்றை மரம்தான் ஊருக்கு எல்லையும் அடையாளமும். விறகுக்கோ தேனுக்கோ காட்டுக்குள் போகிறவர் இலையோடு ஒரு சிறு கிளையை, ஒரு குழையை, முறித்து மரத்தடியில் வைத்துவிட்டுப் போவார். திரும்பி வரும்போது தன் குழையைத் தானே எடுத்து எறிவார். அப்பாவின் குழையில் எப்போதும் ஒரு முடிச்சு இருக்கும். பொழுது சாயத் தொடங்கினால் அம்மாவுக்கு அடுப்படியில் இருப்புக்கொள்ளாது.

“அப்பாவின்ர குழை கிடக்கோ எண்டு ஓடிப்போய்ப் பாத்திட்டு வா, பிள்ளை.”

வெயிலில் வதங்கிய இலைகளின் கசந்த மணத்துக்குள் அந்த முடிச்சைத் தேடித் தேடி, அது அங்கே இல்லையென்று கண்டபிறகுதான் எனக்கு மூச்சு வரும்.

சண்டை நெருங்கி ஊரே வெளிக்கிட்ட நாளில், வண்டில்களை மறித்து எல்லோரும் அங்கே குழை வைத்தோம். எடுக்க ஒருவரும் திரும்பிப் போகவில்லை. இப்போது மரமும் இல்லையாம்.

மத்தியானம், இந்தக் குழைக் கதையைக் கேட்டே வளர்ந்த மகள் புது வேலைக்கென்று பெட்டிகளோடு கனடாவுக்குப் புறப்பட்டாள். அவளை ஏற்றிய கார் தெருமுனையில் திரும்பியதும், கணவர் வெட்டிய இலைகளைக் கூட்டத் தொடங்கினார்.

“இஞ்சேரும், வாசல்ல முடிச்சுப் போட்ட குழை ஒண்டு கிடக்கு. அள்ளட்டோ?”

“வேண்டாமப்பா. பிள்ளை வந்து எடுக்கட்டும்.”