நட்டின் மேல் ஒரு சிவப்புக் கோடு

என் வீட்டுக்காரரைப் படகுப் பட்டறையில் கோட்டுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். வின்ச் பொருத்துவது அவர் வேலை. தண்ணீரில் கிடக்கும் படகைக் கம்பிக் கயிற்றால் கரைக்கு இழுக்கிற எந்திரம் அது. அதற்குக் கான்கிரீட் தளம் ஊற்றினால், அது நன்றாக இறுகும்வரை யாரையும் கிட்டே விடமாட்டார். முதலாளி கத்தினாலும் காதில் வாங்க மாட்டார். பிறகு நான்கு போல்ட்டையும் எதிரெதிர் மூலையாக முறுக்குவார். போய் டீ குடித்துவிட்டு வந்து மறுபடியும் முறுக்குவார். கடைசியில் ஒரு தீக்குச்சியைச் சிவப்புப் பெயிண்டில் தொட்டு, நட்டிலிருந்து அடித்தகடுவரை மெல்லிசாக ஒரு கோடு இழுப்பார். நட்டு அசைந்தால் கோடு உடையும். உடைந்தால் எந்திரத்தை நிறுத்தி மறுபடி முறுக்க வேண்டும். அவ்வளவுதான் சங்கதி.

வீட்டிலும் இந்தக் கிறுக்கு உண்டு. மின்விசிறி போல்ட்டில் கோடு, கட்டில் காலில் கோடு, தையல் மெஷினில் கோடு.

"என் தலையிலயும் ஒண்ணு போட்டுடுங்க, கழண்டா தெரியும்" என்பேன்.

"உனக்கு எப்பவோ கழண்டுடுச்சு" என்பார்.

என் தம்பி எந்த வேலையிலும் ஒட்டாதவன். இவர் உயிரை வாங்கி, பட்டறையில் பெயிண்ட் அடிக்க அவனைச் சேர்த்துவிட்டது நான்தான். வெள்ளந்தி. யாராவது சபாஷ் சொல்ல மாட்டார்களா என்று பறப்பான்.

முதலாளி பார்வையிட வருகிறார் என்று, விடுமுறை நாளில் அவனைக் கூப்பிட்டு வின்ச் முழுக்கப் பச்சை அடிக்கச் சொன்னார்கள். மறுநாள் காலை இவர் போனபோது எந்திரம் பளபளவென்று இருந்தது. கோடுகளும் நேராக இருந்தன. எந்திரத்தில் யார் கை வைத்தாலும், அதற்குப் பிறகு வரும் முதல் இழுப்பின்போது பொருத்தியவன் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது இவராக வைத்துக்கொண்ட சட்டம். நின்றார். படகு பாதி ஏறியபோது எந்திரம் தளத்தைவிட்டுப் பெயர்ந்து வந்து இவருடைய இடது காலை நசுக்கியது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்கு விசாரணை அதிகாரி வந்தார். நான் கட்டிலருகே நின்றிருந்தேன்.

"ரெண்டு நட்டு ஏற்கெனவே தளர்ந்திருக்கு. ஆனா கோடு நேரா இருக்கு. யாரு போட்டது?"

"நான்தான் சார்."

"முறுக்காமயே கோடு போட்டீங்களா?"

இவர் சுவரைப் பார்த்தார். "ஆமா சார்."

பொருத்தியவரின் கவனக்குறைவு என்று அறிக்கை எழுதிவிட்டார்கள். காலும் போயிற்று, இருபத்திரண்டு வருஷ மரியாதையும் போயிற்று. கட்டில் காலையே இரண்டு தடவை முறுக்குகிற மனுஷன் எதற்காக இப்படி ஒரு பொய் சொல்ல வேண்டும்?

இவரை வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு, இவருடைய ஸ்பேனர் பெட்டியை வாங்கிவரப் பட்டறைக்குப் போனேன். வின்ச்சை ஒரு மூலையில் தள்ளி வைத்திருந்தார்கள். குனிந்து பார்த்தேன். அடித்தகட்டில் இருந்த கோடு என் விரல் பருமன் இருந்தது. அது தீக்குச்சியால் இழுத்ததில்லை, பிரஷ்ஷால் இழுத்தது.

பெயிண்ட் டப்பா அடுக்குகிற அறையில் தம்பியைப் பிடித்தேன். கேட்டதும் அழுதுவிட்டான்.

"ரெண்டு கோடு உடைஞ்சு கோணலா இருந்துச்சுக்கா. மாமா கையெழுத்து மாதிரி ஏதோன்னு நெனச்சேன். பச்சை அடிச்சுட்டு மேல நேரா போட்டு வெச்சேன். பாத்தா சந்தோஷப்படுவாருன்னு."

"அவர் உன்னக் கேக்கவே இல்லையாடா?"

"கேட்டாரு. முன்னாடி இருந்த மாதிரியே போட்டியான்னாரு. ஆமான்னேன். கோணலா இருந்ததப் போயி சொல்லுவாங்களா? அக்கா, யார்கிட்டயும் சொல்லிடாதக்கா. என்னத் தூக்கி உள்ள வெச்சுடுவாங்க."

வீட்டுக்கு வந்து பெட்டியை இவர் முன்னால் வைத்தேன்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"நானும் ஸ்பேனர வெச்சு ஒரு தடவ பாத்திருக்கணும். நம்ம பயதானேன்னு விட்டுட்டேன்."

"அதுக்காக எல்லாப் பழியையும் நீங்களே ஏத்துக்கணுமா? அவன் பேரச் சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா நீ யார் பக்கம் நிப்ப?"

பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தேன். இவரும் மறுபடி கேட்கவில்லை.

அறிக்கையை எதிர்த்து எழுத முப்பது நாள் கொடுத்திருந்தார்கள். நடந்ததை எழுதி, கீழே என் தம்பியின் பெயரைப் போட்டால் போதும். தினமும் தாளை எடுத்தேன், மடித்து வைத்தேன். நேற்றோடு முப்பது நாள் முடிந்துவிட்டது. என்னை நினைத்தால் எனக்கே சீ என்று இருக்கிறது.

இன்று காலை டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். கட்டிலில் படுத்தபடி மின்விசிறியின் போல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு டீயை வாங்கிக்கொண்டார்.