பின்னட்டையில் ஒரு குடை

என் வகுப்பிலுள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட ஆங்கிலக் கதைப் புத்தகம் தேடி, மட்டாஞ்சேரிப் பழைய சாமான் கடையில் நின்றேன். எதைத் திறந்தாலும் பனிப்பொழிவு, ஆப்பிள் தோட்டம்; எரிச்சலாக வந்தது. அப்போது ஒரு புத்தகத்திலிருந்து சுக்கு வாசனை. சிவப்புக் குடை வரைந்த அந்தப் பின்னட்டையை எனக்கு நன்றாகத் தெரியும்.

நான் சின்னப் பிள்ளையாகப் படித்தபோது, இப்போது இடித்துவிட்ட சுக்குக் கிடங்கின் மாடியில்தான் எங்கள் வகுப்பு. கீழே மூட்டைகள் விழும் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி, புத்தகத்தைத் தன் முகத்துக்கு நேரே பிடித்தபடி, டீச்சர் கடுகடுவென்று வாசித்துக்கொண்டே போவார். படமெல்லாம் அவர் பக்கம்; முன்னட்டையில் வெறும் எழுத்து, எங்களுக்கு அந்தக் குடை மட்டும். ஆங்கிலம் புரியாத நாங்கள் அவர் குரலை வைத்துத்தான் கதையை ஊகித்தோம்.

"யாரோ செத்துட்டாங்கடி" என்று பக்கத்திலிருந்த செல்வி கிசுகிசுத்தாள். அழவும் செய்தாள்.

"மிண்டாதெ இரிக்கு!" என்று டீச்சர் மலையாளத்தில் அதட்ட, வாயை மூடிக்கொண்டோம்.

இன்றுதான் உள்ளே புரட்டினேன். குடையைக் கவிழ்த்துப் போட்டு, அதில் மழைத்தண்ணீர் பிடித்து, சோப்பு நுரையோடு குளிக்கிறது ஒரு குண்டு வாத்து. பக்கத்துக்குப் பக்கம் சிரிப்பு.

இதற்காகவா செல்வி அழுதாள்? ஒரே ஒரு தடவை டீச்சர் புத்தகத்தை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டியிருக்கக் கூடாதா?