ரத்தம் தெரியாத முழங்கால்

ஈப்போ நகரத்தை விட்டுச் சின்ன ஊரான பீடோருக்குக் குடிவந்த நாளிலிருந்து எனக்கு ஒரே பயம். உள்ளே ரத்தம் கசிந்தால் இங்கே யார் நம்புவார்கள்?

பிறவியிலேயே ரத்தம் சரியாக உறையாத உடம்பு. ஹீமோபிலியா. ஈப்போ ஆஸ்பத்திரியில் நான் நொண்டி வந்தாலே மருந்து கலக்கத் தொடங்கிவிடுவார்கள். இங்கே, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் கிளினிக்கில், வெளியே ரத்தம் இல்லாதவனுக்குப் பச்சை அட்டை. பச்சை என்றால் உட்கார், காத்திரு. நான் காத்திருக்க, மூட்டு ரத்தத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும்.

அதனால்தான், இந்த கிளினிக் தாதிகளுக்குப் பயிற்சி கொடுக்க ஈப்போவிலிருந்து வந்த மூத்த தாதி, நோயாளியாக நடிக்கக் கூப்பிட்டதும் போனேன். மருந்துப் பெட்டியும் கூடவே. அது இல்லாமல் நான் கடைக்குக்கூடப் போவதில்லை.

நடிப்புக்காக நொண்டிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். பக்கத்து எஸ்டேட்டில் வளர்ந்த ஓர் இளம் தாதிதான் என்னைப் பார்க்க வேண்டும்.

“ரத்தம் எங்க அங்கிள்?”

“உள்ள.”

“உள்ளன்னா நான் எப்படிலா பாக்குறது?”

எல்லாரும் சிரித்தார்கள். சன்னலோரம் நின்ற இன்னொரு தாதி சிரித்தது அதிகம். பச்சை அட்டை என் மடிக்கு வந்தது.

“பச்சையா? போச்சு, அங்கிள் காலு போச்சு,” என்றார் மூத்தவர்.

இளையவள் வெட்கத்தோடு குனிந்தாள். அவள் வீட்டில் எந்த வீக்கத்துக்கும் எண்ணெயும் கட்டைவிரலும்தானே. கைகள் தாமாகவே என் முழங்காலுக்குப் போயின. “கொஞ்சம் நீவி விடவா?”

அழுத்தித் தேய்த்தாலே எனக்கு உள்ளே கசியும். பதறிக் காலை இழுத்தேன். மேசை விளிம்பில் இடித்தது முழங்கால்.

சற்று நேரத்தில் அது வந்தது. சோடா நுரைப்பதுபோல் மூட்டுக்குள் ஒரு கூச்சம், பின்னாலேயே வெதுவெதுப்பு. எனக்கு மட்டும் கேட்கும் அந்தக் காலடி.

“மிஸ்ஸி, இப்ப நிஜமாவே கசியுது,” என்றேன் தாதியிடம்.

“அங்கிள் நடிப்பு நல்லா இருக்குலா,” என்றாள் சன்னலோரத் தாதி.

இளையவள் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள். “நடிக்கிறீங்களா, சொல்றீங்களா?”

“சொல்றேன்.”

பச்சை அட்டையைப் பிடுங்கிக்கொண்டாள். “அப்ப மருந்து முதல்ல. மத்ததெல்லாம் பெறகு.”

மூத்தவர் டாக்டரிடம் சொல்லிவிட்டு வந்து, கைகட்டி நின்றார். அவரே ஊசி குத்தமாட்டாரா என்று மனம் கெஞ்சியது. என் பெட்டியிலிருந்த மருந்துக் குப்பியைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கிடையே உருட்டினாள் இளையவள். என் கையில் உருப்படியான நரம்புகள் குறைவு. முதல் குத்து தவறியது.

“சோரி அங்கிள்.” பஞ்சை வைத்து அழுத்தினாள். “தேய்க்கல, பாருங்க.”

அடுத்த குத்தில் நரம்பு கிடைத்தது. மருந்து குளிர்ந்து ஏறியது.

காலில் ஐஸ் வைத்தபோது, “நாளைக்கும் வலிச்சா வாங்க அங்கிள்,” என்றாள். பிறகு தயங்கினாள். “ஆனா நாளைக்கு எனக்கு லீவு.”

“அப்ப யாரு இருப்பா?”

சன்னலோரத்தில் ஒரு கை மெல்ல உயர்ந்தது.

அவளைக் கிட்டே கூப்பிட்டேன். இரண்டு முழங்கால்களையும் பக்கம்பக்கமாக வைத்துக் காட்டினேன், எது வீங்கியிருக்கிறது என்று தொடாமல் பார்க்கச் சொல்லி.