அருவிக்கு மேலே ஒரு ட்ரவுட்

காலையில் பள்ளிக்கூடப் பஸ்ஸைக் கொண்டுபோய் நிறுத்தியதும் கிளெனிஸ் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு அருவிக்கு மேலே ஏறிவிடுவாள். அங்கே ஓடைக்கரையில் குப்புறப் படுத்து மீன் பார்ப்பாள். சுண்டுவிரல் நீளம், செதிலே கிடையாது, கேலக்சியாஸ் என்று வாயில் நுழையாத பெயர். கீழே இருந்ததையெல்லாம், தூண்டில்காரர்களுக்காக எந்தக் காலத்திலோ சீமையிலிருந்து கொண்டுவந்து விட்ட ட்ரவுட் மீன் தின்று தீர்த்துவிட்டது. ட்ரவுட்டால் அருவிப் பாறையை ஏற முடியாது. அந்தப் பாறை ஒன்றுதான் இதுகளுக்குக் காவல்.

"என்ன கிளெனிஸ், பிள்ளைங்கல்லாம் சௌக்கியமா? ரொட்டில வச்சுத் திங்க ஒண்ணு குடேன்" என்பான் மதுக்கடைக்காரன்.

"உன் பல்லிடுக்குக்கே காணாது, போடா."

இந்த இலையுதிர் காலத்தில் அவளுக்கு வாயாடத் தெம்பில்லை. மடுவுக்கு மடு படுத்துப் பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை.

அன்று சாயங்காலம் புருஷன் மெர்வ் கொழுத்த ட்ரவுட் ஒன்றைச் சமையலறைத் தொட்டியில் போட்டான். "வெண்ணெய்ல பொரிச்சிரு."

வயிற்றைக் கீறினாள். உள்ளே பாதி செரித்த கேலக்சியாஸ். கத்தி அப்படியே நின்றது.

"இத எங்க புடிச்ச?"

மெர்வ் தொப்பியைக் கழற்றினான். "மேல."

"பாறை ஏறியா வந்துச்சு?"

"நான்தான் வாளியில கொண்டு போய் விட்டேன். போன வருஷம் ஈஸ்டருக்கு. முட்டி வலியோட பள்ளத்துல இறங்க முடியலடி. மேல, வீட்டுக்குக் கிட்டக்கவே இருந்தா வசதின்னு..."

"எத்தனை?"

"ரெண்டே ரெண்டு. இன்னும் ஒண்ணுதான் பாக்கி, சத்தியமா. நானே புடிச்சுத் தந்துடறேன்."

அந்த மீனை யாரும் தின்னவில்லை. அவனோடு பேசவும் அவளுக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த இன்னொன்று சிக்கினால் மிச்சம் மீதியாவது பிழைக்கும். தினமும் அவன் முட்டியில் துணியைச் சுற்றிக்கொண்டு தூண்டிலோடு மேலே ஏறினான். எதிர்க்கரையில் அவள் வலையோடு உட்கார்ந்து, கண்கொட்டாமல் தண்ணீரையே பார்த்திருந்தாள். நாளாக ஆக அவளுக்கு எரிச்சல்தான் ஏறியது.

ஒருநாள் தூண்டில் நரம்பு வெடுக்கென்று இழுபட்டது. கிளெனிஸ் இடுப்பளவுத் தண்ணீரில் பாய்ந்து வலையைக் கொடுத்துத் தூக்கினாள்.

ட்ரவுட்தான். ஆனால் உள்ளங்கை நீளங்கூட இல்லை. மெர்வின் முகம் வெளுத்துப்போனது.

"இது நான் கொண்டாந்தது இல்ல கிளெனிஸ். அது ரெண்டும் பெருசு."

"தெரியுது. இது இங்கயே பொறந்தது." அவள் அதைக் கரையில் எறிந்தாள். "என்ன பாத்துக்கிட்டு நிக்கற? தூண்டிலைப் போடு."